மூணு பாகம் சங்கிலி

"கயிறா சங்கிலியா வே, சொல்லும்"னு கேட்டுட்டு கனகவேல் அண்ணாச்சி அந்தப் பக்கம் போயி அரை மணி நேரம் ஆச்சு. பிலவேந்திரன் பச்சைக் கயித்துச் சுருள் ஒண்ணு மேல உக்காந்தவன் உக்காந்தபடியே இருந்தான். கேள்வி ஒண்ணும் பெரிய கேள்வி இல்ல. இருபத்தாறு வருஷமா கடல்ல கிடக்கறவன்கிட்ட நங்கூரத்துக்குக் கயிறு வேணுமா சங்கிலி வேணுமான்னு கேக்கறது, சமையக்காரன்கிட்ட உப்பு போடவா வேண்டாமான்னு கேக்கற மாதிரி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும், அம்புட்டுதான். அதுதான் வரல. தலைக்கு மேல ஃபேன் ஒண்ணு, கடை திறந்த நாள்லேர்ந்து எண்ணெய் பாக்காத ஃபேன், ஒரு சுத்துக்கு ஒரு தடவை 'ம்'னு முனகிட்டுச் சுத்துது. ம். ம். ம். தூத்துக்குடியில இத்தனை கடை இருக்க இந்த ஃபேனுக்குக் கீழயா வந்து உக்காரணும். எழுந்து போயி அதைப் பிடுங்கி ரோட்டுல எறிஞ்சா என்னன்னு தோணுச்சு. கடை முழுக்க பிளாஸ்டிக் கயிறு வாடை, கிரீஸ் வாடை, அண்ணாச்சி காலையில கொளுத்தி வச்ச ஊதுவத்தி வாடை. ஜனவரி பிறந்து எட்டு நாள் ஆவுது, கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒண்ணு இன்னும் வாசல்ல கிழிஞ்சு தொங்குது. கழட்டி வைக்க ஆள் இல்லையா? எவனும் இந்த ஊர்ல மாட்டுனதைக் கழட்ட மாட்டான், கழட்டுனதை மாட்ட மாட்டான். கழட்டுனதை மாட்ட மாட்டான்கிற இடத்துல நெனப்பு தடுக்கி நின்னுச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டான், வாய்விட்டு ஒண்ணும் சொல்லலன்னாலும்.

அந்தப் பக்கம் விசைப்படகு முதலாளி ஒருத்தர் மீட்டர் கணக்குல கயிறு அளக்கச் சொல்லிட்டு அண்ணாச்சிகூட ஊர்க்கதை பேசிட்டு இருந்தாரு. சிரிப்பு வேற. சிரிங்க. நல்லா சிரிங்க. உங்க போட்டுல ஆள் தண்ணிக்கு மேல இருக்கான், எங்க போட்டுல ஆள் தண்ணிக்கு அடியில இருக்கான். அதுதான் வித்தியாசம். மேல இருக்கறவனுக்கு நங்கூரம் அறுந்தா போட்டு நாலு பாகம் நகரும், டீயைக் கீழ வச்சுட்டு எந்திரிப்பான். சங்கு குளிக்கறவனுக்கு அப்படியா? ஒம்பது பாகத் தண்ணி. ஒரு பாகம்னா ஆறடி, கையை ரெண்டு பக்கமும் விரிச்ச நீளம். அந்த ஆழத்துல பாருக்குப் பக்கத்து மணல்ல சங்கு படுத்திருக்கும். பாருன்னா கடலடிப் பாறை, ரம்பம் மாதிரிப் பல்லு. மச்சான் தஸ்நேவிஸ் அங்க ஊர்ந்துகிட்டு இருப்பான், வாயில கடிச்ச மஞ்சக் குழாய், அந்தக் குழாயோட இந்த முனை போட்டுல கம்ப்ரசர்ல. போட்டு நகர்ந்தா குழாய் இழுக்கும், குழாய் இழுத்தா வாய் இழுக்கும். அதனாலதான் எங்க கரையில எல்லாரும் நங்கூரத்துக்கும் கயித்துக்கும் நடுவுல மூணு பாகம் சங்கிலி போடறது. கயிறு லேசு, அலைக்கு நீண்டு குடுக்கும், கையால இழுக்கலாம், ஆனா பாரு அறுத்துரும். சங்கிலியைப் பாரு ஒண்ணும் செய்யாது, கனத்துல தரையோட படுத்துக்கிடும், நங்கூரத்தைக் கடிக்க வைக்கும். அதனால அடியில சங்கிலி, மேல கயிறு. கேக்கறதுக்கு என்ன இருக்கு இதுல? எதுக்கு வே கேட்டீரு?

"என்ன முடிவு பண்ணீரு?" அண்ணாச்சி வந்து நின்னாரு. காதுல பென்சில், கழுத்துல துண்டு.

"முழுக்கச் சங்கிலி போடுங்க அண்ணாச்சி. முப்பது பாகமும்."

அண்ணாச்சி பென்சிலைக் காதுலேர்ந்து எடுத்து மறுபடி காதுலயே வச்சாரு. "கப்பல் எதுவும் வாங்கிட்டீரா? சொல்லவே இல்ல."

"போடச் சொன்னா போடுங்க."

"போடுதேன். எனக்கென்ன, எடை போட்டுக் குடுக்க வேண்டியதுதான். நூறு கிலோவைத் தாண்டும் வே. உம்ம பைபர் போட்டு மூக்கால கடலைக் குத்திக்கிட்டு நிக்கும். ஒரு நாளைக்கு அஞ்சு எடம் மாத்துவீரு. அஞ்சு தடவை இதைக் கையால இழுத்துப் போடணும், கீழ இருக்கற பாரு ஓட்டையில மாட்டுச்சுன்னா அதோட இருந்துக்கிட வேண்டியதுதான், பொண்டாட்டி சோத்தை அங்க கொண்டாந்து தருவா."

"நான் இழுப்பேன்."

"இழுப்பீரு. பங்குனியில உம்ம மச்சான் பக்கத்துல உமக்கும் ஒரு கட்டில் போடுவாங்க, நானும் வந்து பாத்துட்டுப் போவேன்." சொல்லிட்டு அண்ணாச்சிக்கே சப்புன்னு ஆயிட்டு. "தஸ்நேவிஸு எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

"கால் அசையுதா?"

"பெருவிரல் அசையுது."

"நல்ல பிள்ளை. ஒரு கொண்டி கழண்டு ஒரு ஆளு இப்படிக் கெடக்க வேண்டியதாப் போச்சு பாரும். அதான் சொல்லுதேன், மூணு பாகம் சங்கிலி, இருபத்தஞ்சு பாகம் கயிறு. ஊரே அப்படித்தான போடுது? கொண்டி நல்ல கொண்டியாத் தாரேன், கம்பி வச்சு முறுக்கிக் கட்டும், ஆயுசுக்கும் கழலாது. யோசியும்." விசைப்படகுக்காரர் கூப்பிட அண்ணாச்சி திரும்பவும் அந்தப் பக்கம் போனாரு.

கொண்டி. ஊர் பூராவும் கொண்டி. கோயில் வாசல்ல, டீக்கடையில, ஆஸ்பத்திரி வராந்தாவுல, இப்ப கயித்துக்கடை அண்ணாச்சி வாயில. ஒரு கொண்டி, சுண்டு விரல் தண்டி, சங்கிலியையும் கயித்தையும் சேத்துப் பிடிக்கற துண்டு இரும்பு. அது கழண்டு போச்சாம். சங்கிலியும் நங்கூரமும் கடலோட போச்சாம். ஊரு பேசுது, பேசட்டும். பேசறவன் எவனாவது வந்து எங்க வீட்டுப் பின்கட்டுல கோழிக்கூட்டைப் பாத்திருக்கானா? கோழிக்கூட்டுப் பலகை மேல ஒரு உரச்சாக்கு. நாய் தள்ளாம இருக்க ரெஜினா தூக்கி வச்ச கனம். நாலு கோழியும் ஒரு சேவலும் ஒரு மாசமா அது அடியில தூங்குது. ரெஜினா அவன் பொண்டாட்டி, தஸ்நேவிஸோட கூடப்பிறந்த அக்கா. தினம் காலையில அந்தச் சாக்கைத் தூக்கி இறக்கி, கோழியைத் திறந்துவிட்டு, சாயங்காலம் தூக்கி வைக்கா. "என்னங்க இது, இந்தக் கனம் கனக்கு?"ன்னு ஒரு நாள் கேட்டா. பழைய இரும்புன்னான். போன வாரம் பழைய இரும்புக்காரன் தெருவுல சத்தம் குடுக்க, போட்டுரவான்னு கேட்டா. கையிலிருந்த டம்ளரைச் சுவத்துல விட்டெறிஞ்சான். எதுக்குன்னு அவளுக்கும் தெரியல. கோழிதான் பதறி ஓடுச்சு. அதுக்கப்புறம் அவ கேக்கறதில்ல, பாக்கா. அந்தப் பார்வைதான் அவனுக்கு ஆவல. கேட்டாத் திட்டலாம். பாக்கறவளை என்ன செய்ய?

பெயிண்ட். எல்லாம் அந்தப் பெயிண்டால வந்தது. டிசம்பர் மூணு சவேரியார் திருநாளுக்கு போட்டு எல்லாம் கரையில வரிசையா நிக்கும், சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பாரு. அதுக்கு முன்னால எவன் போட்டு பளபளன்னு இருக்குன்னு ஒரு போட்டி. போட்டியே இல்லன்னு எல்லாரும் சொல்லுவான், எல்லாரும் பெயிண்ட் டப்பா வாங்குவான். தஸ்நேவிஸ் வெள்ளையும் சிவப்பும்னான். ரெண்டு நாள் உக்காந்து தீட்டினான், முன்பக்கம் சிலுவைக்குக் கீழ மயில் ஒண்ணு வேற, வாத்து மாதிரி வந்துச்சு, "அத்தான், தூரத்துலேர்ந்து பாருங்க மயில்தான்"னான். வெள்ளை காஞ்ச மறுநாள், பக்கவாட்டு விளிம்புல சங்கிலி உரசின இடத்துல துரு ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டிருந்துச்சு. பிலவேந்திரன்தான் துடைச்சான். பிலவேந்திரன்தான் கொண்டியில சுத்தியிருந்த கம்பியை அறுத்து, கொண்டியைத் திருகி, சங்கிலியைக் கழட்டி உரச்சாக்குல போட்டான். திருநாளுக்கு மட்டும். கயித்தை நேரா நங்கூர வளையத்துல கட்டினான், பாக்க அம்சமா இருக்கட்டும்னு. சாமியார் வந்தாரு, தெளிச்சாரு, தீர்த்தத்துல பாதி வாத்து மேல விழுந்துச்சு, "நல்லா இருக்கு பிலவேந்திரா"ன்னாரு. அந்த ஒரு 'நல்லா இருக்கு'க்குத்தான். மனுசன் எதுக்கெல்லாம் ஆசைப்படறான் பாரு, நாப்பத்தெட்டு வயசுல, வாயில நாலு பல்லு ஆடற காலத்துல.

மறந்துட்டேன். அப்படித்தான் அவன் ஒரு மாசமா தனக்குத்தானே சொல்லிட்டு இருக்கான். மறந்தது குத்தமா? யாருக்குத்தான் மறதி இல்ல? திருநாள், வெடி, பிரியாணி, ரெண்டு நாள் தூக்கம் இல்ல, ஆறாம் தேதி விடியக்கால அவசரம், சாக்கு வீட்டுலயே கிடந்துட்டு. மறந்துட்டேன். ஃபேன் ம்ங்குது. கயிறு செஞ்ச கம்பெனிக்காரன் மேல கோவம் வந்துச்சு, அறுபடாதுன்னு அட்டையில சிங்கத்தைப் போட்டு விக்கான். பாரு மேல கோவம் வந்துச்சு, ஆயிரம் வருஷமா அங்கயே கிடக்கற பாறை மேல. வாடைக்காத்து மேல, அதுவரைக்கும் பூனை மாதிரி கிடந்துட்டுப் பத்து மணிக்கு எந்திரிச்ச காத்து. நாளைக்கு தஸ்நேவிஸுக்குப் பதிலா முங்கப் போற ரீகன் மேல, "நங்கூரம் சரியில்லன்னா நான் எறங்க மாட்டேன் அண்ணன், எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான், நியாயமாத்தான் சொன்னான், நியாயமாச் சொல்றவன் மேல வர்ற கோவம் மாதிரிக் கேவலம் ஒண்ணு இல்ல. எல்லாத்துக்கும் மேல தஸ்நேவிஸ் மேல. ஆமா, அவன் மேலதான். நாற்காலியில காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, யாருடைய காலோ மாதிரி அதைப் பாத்துக்கிட்டு, சிரிக்கான். ஒரு தடவையாவது "நீ என்னத்தடா பாத்துக்கிட்டு இருந்த போட்டுல?"ன்னு கேளேன்டா. கேட்டா நானும் கத்துவேன், நீயும் கத்துவ, எங்கயாவது உடைஞ்சு வெளிய வந்துரும். சிரிக்கான். நேத்து ரீகன் அங்க இருந்தப்ப அவன்கிட்ட ஒரு கொண்டியைக் கையில வச்சுக் காட்டுதான்: "எலே, ஆணியைத் திருகுனா மட்டும் போதாதுலே. கம்பி வச்சு ரெண்டு சுத்துச் சுத்தி முறுக்கணும். நான் மறந்துட்டேன், அதான் இந்தா கெடக்கேன். அத்தானுக்கும் எவ்வளவு மனக்கஷ்டம் பாரு, ஆளு பாதியா எளைச்சுட்டாரு." பிலவேந்திரன் சுவத்துப் பக்கம் திரும்பி காலண்டரைப் பாத்தான். அதுல போன வருஷத் தேதி.

தஸ்நேவிஸ் கம்பி கட்ட மறக்கல. ஒரு நாளும் மறந்ததில்ல. கொண்டிக் கம்பி கட்டறது அவன் வேலை, பன்னெண்டு வருஷமா, ரெண்டு சுத்து, முறுக்கு, முனையை உள்ள மடக்கு. அதை அறுத்த கத்தரி பிலவேந்திரன் வீட்டு அலமாரியில இருக்கு. அன்னிக்கு எல்லாம் நடந்து முடிய ரெண்டு நிமிசம் இருக்கும். கம்ப்ரசர் சத்தத்துல பிலவேந்திரன் விளிம்புல உக்காந்து வெள்ளைப் பெயிண்டை விரலால தடவிக்கிட்டு இருந்தான், துரு இல்லாம. மஞ்சக் குழாய் சுருள் சுருளா கிடந்தது திடீர்னு பாம்பு மாதிரி ஓடுச்சு. ஓடி முடிஞ்சு விண்ணுன்னு நின்னுச்சு. தலையைத் தூக்கினா கரைக்கோயில் கோபுரம் இருந்த இடத்துல பனைமரம். போட்டு போய்க்கிட்டே இருக்கு. குழாயை அவன் வாரி வாரி விட்டான், விட இன்னும் குழாய் இல்ல. இருபது பாகம் தள்ளி தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு தலை வந்துச்சு, வாயில குழாய் இல்ல. அவ்வளவு ஆழத்துலேர்ந்து அவ்வளவு வேகமா வரக்கூடாது, வந்தா ரத்தத்துல காத்துக் குமிழ் கட்டிக் கால் விழுந்துரும், குளிக்கறவன் எல்லாருக்கும் தெரியும், மூச்சு முட்டறவனுக்கு எது தெரியும்? தூக்கிப் போட்டப்ப மூக்குல ரத்தம், சிரிச்சான், "பாரு மேல தரதரன்னு இழுத்துட்டுப் போனீங்களே அத்தான், முதுகுல மயிலு வரைஞ்ச மாதிரி இருக்கு"ன்னான். கயித்தை இழுத்தான் பிலவேந்திரன். கனமே இல்லாம வந்துச்சு. முனை நார் நாரா, கிழவன் தாடி மாதிரி. பாரு அறுத்த கயிறு எப்படி இருக்கும்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு மீன் கத்தியால அந்தத் தாடியை ஒரே வெட்டு வெட்டித் தண்ணியில விட்டான். அது மிதந்துச்சு. பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், அந்நேரம் பாத்து மிதக்கும். முக்கா மணி நேரம் கழிச்சு, கரைக்கு வர வழியில, "அத்தான், யாரோ என் கால்ல ஏறி நிக்கற மாதிரி இருக்கு"ன்னான் தஸ்நேவிஸ். அப்புறம், பல்லைக் கடிச்சுக்கிட்டு, "கொண்டியா அத்தான்? கொண்டி கழண்டுட்டோ? கம்பி நான் சரியாக் கட்டலையோ?"

ம்.

அவ்வளவுதான். பொய்யின்னு ஒரு வார்த்தை அவன் சொன்னதில்ல. ம். உதட்டைத் திறக்காம, மூக்கு வழியா, எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்கவே கூடாத ஒரு ம். பாவி அதைக் கேட்டுட்டான். கேட்டதை எடுத்து முழுங்கிட்டான், இன்னிக்கு வரைக்கும் அதைச் சீரணிச்சுக்கிட்டு இருக்கான் அந்த நாற்காலியில. ஃபேன் மறுபடியும் சொல்லுது. பிலவேந்திரன் எழுந்து சுவிட்சை அமுக்கினான். அண்ணாச்சி தூரத்துலேர்ந்து, "வேக்குது வே, எதுக்கு அமத்துனீரு?"ன்னாரு. "சத்தம்"னான். கடை திடீர்னு அமைதியாச்சு. அந்த அமைதியில அவன் நெனப்பு ஒரு மாசமா போகாத இடத்துக்குப் போச்சு, யாரும் இழுக்காமலே.

நங்கூரம் போட்டப்ப சங்கிலி ஓடற சத்தம் வரல. தினமும் வர்ற சத்தம், விளிம்புல கடகடன்னு மூணு பாகம் ஓடும், அப்புறம்தான் கயிறு சத்தமில்லாம வழுகிப் போகும். அன்னிக்குக் கையில எடுத்தப்பவே லேசா இருந்துச்சு. நங்கூரத்தை நெஞ்சு வரைக்கும் தூக்கினவன் அப்படியே ஒரு மூச்சு நின்னான். நின்னானே. சங்கிலி சாக்குல இருக்கு, சாக்கு வீட்டுல இருக்குன்னு அந்த ஒரு மூச்சுக்குள்ள எல்லாமே தெரிஞ்சுச்சு. கரைக்குத் திரும்பிப் போனா ரெண்டு மணி நேரம். தண்ணி அன்னிக்குக் கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு கிடந்துச்சு, மாசத்துக்கு ரெண்டு நாள்தான் அப்படித் தெளியும். தஸ்நேவிஸ் பின்னால உக்காந்து கம்ப்ரசர் கயித்தை இழுத்துக்கிட்டு இருந்தான், அந்தச் சத்தத்துல அவனுக்கு வராத சத்தம் தெரியல. ஒரு நாளைக்கு என்ன ஆயிரும்? நெனச்சான். நெனச்சுத்தான் போட்டான். மறக்கல. மறந்துட்டேன்னு தனக்கே சொல்லிக்கிடறதுக்காக எதெது மேலயெல்லாம் அவன் இவ்வளவு நாள் கோவிச்சுக்கிட்டு இருந்தான்? பெயிண்டு, பாறை, காத்து, கம்பெனி, சாமியாரு. கை லேசா இருந்துச்சுடா மாப்ள. எனக்குத் தெரியும்டா.

முழுக்கச் சங்கிலி கேக்க வச்சதும் இந்தக் கைதான். நூறு கிலோவைத் தினம் அஞ்சு தடவை இழுத்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா எதையோ கட்டித் தீத்த மாதிரி. எவனுக்கு? தஸ்நேவிஸுக்கு அதால ஒரு விரல் கூடுதலா அசையுமா? புதுச் சங்கிலி மூணு பாகம் வாங்கினா இன்னும் சுளுவு. நாளைக்கு ரீகன் கம்பி முறுக்குவான், எல்லாம் நல்லாப் போகும், போட்டுல ஒரு சங்கிலி, கோழிக்கூட்டுல ஒரு சங்கிலி, ரெண்டும் துருப்பிடிக்கும். தஸ்நேவிஸ் பேரன் பேத்தி எடுத்தும் கொண்டிக் கதையச் சொல்லுவான், நான் மறந்துட்டேன்லேன்னு. பிலவேந்திரன் சாகற அன்னிக்கும் வந்து உக்காந்து, அத்தான் மாதிரி ஒரு மனுசன் உண்டா, ஒரு வார்த்தை என்னைக் கேக்கலையேன்னு அழுவான். அடச்சீ.

"அண்ணாச்சி."

"முடிவாயிட்டா?"

"கயிறு மட்டும் போடுங்க. இருபத்தஞ்சு பாகம். நங்கூரம் ஒண்ணு."

"சங்கிலி?"

"வேண்டாம்."

அண்ணாச்சிக்கு நெசமாவே கோவம் வந்துட்டு. "புத்தி கெட்டுப் போச்சா வே? முப்பது பாகம் சங்கிலி கேக்கீரு, இல்லன்னா ஒண்ணுமே வேண்டாங்கீரு! வெறுங்கயித்தை வச்சு இன்னொருத்தனைக் கொல்லப் போறீரா? நான் தர மாட்டேன். வேற கடையப் பாரும்."

"என் சங்கிலி வீட்டுல இருக்கு."

"எந்தச் சங்கிலி?"

"அதே சங்கிலிதான்."

அண்ணாச்சி கை கயித்து மேலயே நின்னுச்சு. கேக்க வாயெடுத்தாரு, கேக்கல. பென்சிலைக் காதுலேர்ந்து எடுத்தாரு, என்ன எழுதன்னு தெரியாம சட்டைப்பையில போட்டாரு. அப்புறம் கையை விரிச்சு விரிச்சு, ஒண்ணு ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு, இருபத்தஞ்சு பாகம் அளந்து வெட்டினாரு. வெட்டின முனையைத் தீக்குச்சியால உருக்கி விரலால அமுக்கினாரு. சிரிப்பு இல்ல, ஊர்க்கதை இல்ல.

தோள்ல கயிறு, கையில நங்கூரம். வாசல்ல அந்தக் கிழிஞ்ச ஸ்டார் தலையில இடிச்சுது. நங்கூரத்தைக் கீழ வச்சுட்டு அதைக் கழட்டி உள்ள மேசை மேல வச்சான். அப்புறம் பாக்கெட்லேர்ந்து போனை எடுத்தான்.

"ரெஜினா. பின்கட்டுக்குப் போ."

"எதுக்குங்க? அடுப்புல குழம்பு கெடக்கு."

"போன்னா போ. கோழிக்கூட்டு மேல உள்ள சாக்கை அவிழ்."

காலடிச் சத்தம், கதவுச் சத்தம். கோழி ஒண்ணு கொக்கரிச்சுது. "முடிச்சு இறுகிக் கெடக்கு"ன்னா. "இழு"ன்னான். மூச்சு வாங்கற சத்தம். அப்புறம் சாக்கு சாஞ்சிருக்கணும். பலகை விளிம்புல இரும்பு கடகடன்னு ஓடி, சிமெண்டுத் தரையில ஒண்ணு மேல ஒண்ணா விழற சத்தம் போனுக்குள்ள வந்துச்சு. ஒரு மாசமா வராத சத்தம். லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் பக்கத்துல போச்சு, அவன் காதை இன்னும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டான். மூணு பாகமும் ஓடி முடியற வரைக்கும் கேட்டான்.

முடிஞ்சப்புறம் ஒண்ணுமில்ல. கோழிகூட சத்தம் குடுக்கல. அவ மீனவன் மக, மீனவன் பொண்டாட்டி. தரையில கிடக்கறது என்னன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

"ரெஜினா."

நங்கூரத்தைக் கையில எடுத்தான், மறுபடி கீழ வச்சான்.

"ரெஜினா, அதை உன் தம்பி வீட்டுல கொண்டு போயி..."

"நான் தொட மாட்டேன்." குரல் அவ குரல் மாதிரியே இல்ல. "நீங்க வந்து தூக்குங்க. உங்க தோள்ல போட்டு, தெரு வழியா, எல்லாரும் பாக்க, நீங்களே அவன்கிட்ட கொண்டு போங்க."

போன் வைக்கல அவ. அவனும் வைக்கல.

"ம்"னு வந்துச்சு வாய் வரைக்கும். பல்லுக்குள்ள பிடிச்சு நிறுத்தினான்.

"வாரேன்"னான். நங்கூரத்தை எடுத்துக்கிட்டு நடந்தான்.